நிரல் எங்கே குடியிருக்கிறது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (கருவிகளை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்), சுவிட்சாக வேலை செய்யும் ஒரு ரிலே, ஒரு அடாப்டர். டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் கீழே சம்ப் மோட்டாரைப் போடும், நிரம்பினால் அணைக்கும். நானே செய்தது. நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் டேங்க்கில் விரிசல் விட்டது. 500 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு 1000 லிட்டர் டேங்க் வைத்தோம். புதியது உயரம் கூடுதல். தண்ணீர் எவ்வளவு இறங்கினால் மோட்டாரைப் போடுவது என்று சொல்லும் வரியில் 80 சென்டிமீட்டர் என்றிருப்பதை 110 ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. நிரல் இருந்தது பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில். அது மண்டையைப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேறெங்காவது ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம்தான்; வைக்கவில்லை. போர்டு கையில் இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அதற்குள் என்ன எழுதினேன் என்று அதனிடமே கேட்க வழியில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன், ஒரு எண்ணுக்காக.

சின்ன போர்டுகளில் இன்னமும் பேசிக் என்ற பழைய நிரல் மொழியை ஓட்டுகிறவர்களைப் பார்த்து, 'பழசை விட மனசு வராத ஆட்கள்' என்று சிரித்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிப்பதில்லை.

ஆர்டுயினோ போன்ற போர்டுகளுக்கு நாம் எழுதும் நிரல் போர்டுக்குப் போவதே இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பைலர் அதைப் படித்து, சிப்புக்குப் புரியும் எந்திரக் கட்டளைகளாக அரைத்து, அந்த மாவை மட்டும்தான் கேபிள் வழியே அனுப்புகிறது. மாறிகளின் பெயர், ஓரத்தில் எழுதிய குறிப்புகள், வரிகளின் அமைப்பு எல்லாம் சக்கையாக வெளியே நின்றுவிடும். சிப்பிலிருந்து அந்தக் கட்டளைகளைத் திரும்ப உருவி எடுக்க முடியும். எடுத்தால் கிடைப்பது எண்களின் அடுக்கு. மாவைப் பார்த்து எந்த வயல் நெல் என்று சொல்வது போன்ற வேலை அது.

பேசிக்கைத் தாய்மொழியாகக் கொண்ட போர்டில் கதை வேறு. மின்சாரம் கொடுத்ததும் அதன் முதல் வேலை, 'சொல்லுங்கள்' என்பதுபோல் ஒரு குறியைக் காட்டிவிட்டு நமக்காகக் காத்திருப்பது. அந்தக் குறிக்கு எதிரே எதையாவது தட்டினால் உடனே செய்யும். நிரலாகக் கொடுத்தால், மின்சாரம் போனாலும் அழியாத தன் ஃபிளாஷ் மெமரியில் வைத்துக்கொள்ளும். 'லிஸ்ட்' என்று கேட்டால் வைத்திருப்பதை அப்படியே எடுத்துக் காட்டும். எடிட்டர், கோப்புகளைச் சேமிக்கும் வசதி, வெளிக் கருவிகளை இணைக்கும் கால்களான பின்களை இயக்கும் கட்டளைகள் எல்லாம் போர்டுக்குள்ளேயே. அதற்கு அடியில் லினக்ஸ் கிடையாது, விண்டோஸ் கிடையாது. மொழிதான் அங்கே இயங்குதளம்.

1980-களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. 1982-இல் வந்த கமடோர் 64-ஐப் போட்டால் பேசிக்குக்கு 38911 பைட் காலியாக இருக்கிறது என்று நீலத் திரையில் சொல்லிவிட்டு நிற்கும். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோவில் சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் 16 கிலோபைட் ரோமில் (படிக்க மட்டும் முடியும் மெமரியில்) உட்கார்ந்திருந்தது. 1984-85-இல் இந்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனவையும் பிபிசி மைக்ரோக்களே.

மெமரி அவ்வளவு குறைவாக இருந்த காலத்தில் நிரலை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்தால் கட்டுப்படியாகாது. அதற்காகச் செய்த தந்திரம்தான் டோக்கன். 'பிரின்ட்' என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தைத் தட்டி என்டர் அடித்ததும், கமடோர் 64 அதை 153 என்ற ஒரே பைட்டாகச் சுருக்கி வைக்கும். பிபிசி பேசிக்கில் அதே சொல்லுக்கு 241. 'லிஸ்ட்' கேட்கும்போது 153-ஐப் பார்த்து மறுபடி 'பிரின்ட்' என்று விரித்துக் காட்டும். கம்பைலர் செய்வதும் மாற்றம்தான், இதுவும் மாற்றம்தான். ஆனால் இந்த மாற்றத்துக்குத் திரும்பி வரும் வழி உண்டு. நிரலை ஓட்டும் இன்டர்ப்ரிட்டர் ஒவ்வொரு வரியாக இந்த டோக்கன்களைப் படித்து, அந்தந்த இடத்தில் அர்த்தம் பார்த்து வேலை செய்கிறது. மூலம் அழிவதே இல்லை, ஏனென்றால் ஓடுவதே மூலம்தான்.

'அப்படியானால் பேசிக் என்றாலே இன்டர்ப்ரிட்டர்தானே' என்று தோன்றும். இல்லை. 1964 மே 1-ஆம் தேதி விடியற்காலையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் முதன்முதலில் ஓட்டிய பேசிக் ஒரு கம்பைலர். 'ரன்' என்றதும் முழு நிரலையும் ஒரு மூச்சில் எந்திரக் கட்டளையாக்கி ஓட்டியது. கல்லூரி முழுவதற்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் அது சரிப்பட்டது. 1975-க்குப் பிறகு, அல்டேர் என்ற ஆரம்பகாலச் சின்னக் கம்ப்யூட்டர் போன்ற 4 கிலோபைட், 8 கிலோபைட் மெஷின்களில் கம்பைலருக்கும் அது கக்கும் கட்டளைகளுக்கும் சேர்த்து இடமில்லை. எனவே வரிக்கு வரி படிக்கும் முறை பரவியது. இடநெருக்கடியால் வந்த குணம்தான், இன்று எனக்கு அதன் பெரிய நன்மையாகத் தெரிகிறது.

மேசைக் கம்ப்யூட்டரை விட்டு இறங்கி, கருவிகளுக்குள் பேசிக் நுழைந்தது 1980-களில். இன்டெல்லின் 8052 பேசிக் சிப் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிப்புக்குள்ளேயே 8 கிலோபைட் ரோமில் ஒரு முழு பேசிக். திரையும் கீபோர்டும் கொண்ட ஒரு டெர்மினலை இணைத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். அந்த ஒரு தட்டலின் நேரத்தை அளந்து, டெர்மினல் என்ன வேகத்தில் பேசுகிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். எழுதி முடித்த நிரலைத் தனக்குப் பக்கத்தில் இருக்கும் ஈப்ராம் என்ற மெமரி சிப்பில் தானே பதித்துக்கொள்ளும் கட்டளையும் உண்டு. ஸ்பேஸ் பார் விஷயத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அதை எழுதியவர் மேல் ஒரு மரியாதை வருகிறது.

1992-இல் பேரலாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பேசிக் ஸ்டாம்ப் இதைவிடப் பிரபலமானது. தபால்தலை அளவு என்று பெயரிலேயே சொல்லிக்கொண்ட போர்டு. ஆனால் நான் சொல்லும் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன். நிரலை டோக்கனாக்கும் வேலை கம்ப்யூட்டரில் நடந்தது. முதல் மாடலின் 256 பைட் ஈஈப்ராம் மெமரிக்குள் போனது டோக்கன்கள் மட்டும். மொழி பேசிக்தான், எழுதுவதும் எளிதுதான். என் டேங்க் பிரச்சினை அங்கேயும் வந்திருக்கும். மொழியின் பெயரை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. நிரல் எந்தப் பக்கம் குடியிருக்கிறது, கேபிளின் இந்த முனையிலா அந்த முனையிலா என்று பார்த்தால்தான் படும்.

இந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கிரஹாம். 2011-இல் அந்த நாட்டின் சிலிக்கான் சிப் இதழில் மேக்ஸிமைட் என்ற போர்டை அவர் வெளியிட்டார். 80 மெகாஹெர்ட்ஸ் பிக்32 சிப் ஒன்று. அதுவே மானிட்டருக்குப் படம் அனுப்பும், கீபோர்டை வாசிக்கும், எஸ்டி கார்டில் எழுதும், இடையில் பேசிக்கையும் ஓட்டும். அந்த பேசிக்குக்கு எம்எம்பேசிக் என்று பெயர். வரி எண் கட்டாயமில்லை, தனித்தனி துணைநிரல்கள் எழுதலாம். 'கோட்டு' என்ற தாவல் கட்டளையைப் போட்டுத் தாவித் தாவி எழுதிய பழைய பேசிக்கை மனசில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அடையாளமே தெரியாது. 2014-இல் அதை 28 கால் சிப் ஒன்றுக்குள் சுருக்கி மைக்ரோமைட் ஆக்கினார். சிப்புக்கு 3.3 வோல்ட்டும் ஒரே ஒரு கெப்பாசிட்டரும் கொடுத்தால் ஓடும். அதை போர்டு என்று சொல்வதே மிகை. பற்றவைக்காமல் உதிரிகளைச் செருகும் பிரெட்போர்டில் குத்திய ஒரு பூச்சி.

பிறகு 2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 4 டாலர் விலைக்கு வந்தது. ஆர்ம் வகையைச் சேர்ந்த இரண்டு பிராசஸர் கோர், 264 கிலோபைட் ராம், 2 மெகாபைட் ஃபிளாஷ். கமடோர் 64-இன் மொத்த மெமரியைப் போல நாலு மடங்கு, இரண்டு சினிமா டிக்கெட் காசில். இங்கிலாந்தின் பீட்டர் மேதர் எம்எம்பேசிக்கை அதற்குக் கொண்டுவந்தார், பெயர் பிக்கோமைட். பிக்கோவின் வெள்ளை பட்டனை அமுக்கிக்கொண்டு யுஎஸ்பியில் செருகினால் அது பென் டிரைவ் போலத் தோன்றும். பிக்கோமைட்டின் ஃபர்ம்வேர் (போர்டுக்குள் தங்கி அதை இயக்கும் மென்பொருள்) கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த போர்டின் விளக்கு தானாக மினுக் மினுக்கென்று அடிக்க ஆரம்பிக்கும். இதயத் துடிப்பு என்றே அதற்குப் பெயர். முதல் நாள் அந்த விளக்கை நானே மினுக்க வைக்கப் பார்த்து, அந்தப் பின் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று திட்டு வாங்கி, அரை மணி நேரம் கழித்துத்தான் இதயத் துடிப்பை நிறுத்தும் ஆப்ஷன் இருப்பதைப் பார்த்தேன். கையேட்டை முதலில் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இப்போது டேங்க் பெட்டிக்குள் இருப்பது அந்த பிக்கோதான். நிரலின் முக்கியமான பகுதி கீழே. திரையில் ஆங்கில எழுத்தில் இருப்பதை இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன்:

செட்பின் ஜிபி15, டிஅவுட்
டூ
  தூரம் = டிஸ்டன்ஸ்(ஜிபி2, ஜிபி3)
  இஃப் தூரம் > 110 தென் பின்(ஜிபி15) = 1
  இஃப் தூரம் < 30 தென் பின்(ஜிபி15) = 0
  பாஸ் 2000
லூப்

முதல் வரி, பதினைந்தாம் பின் வெளியே மின்சாரம் அனுப்பும் பின் என்கிறது. ரிலே அதில்தான் இருக்கிறது. ரிலே நேராக மோட்டாரைப் போடாது, ஸ்டார்ட்டரில் இருக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரின் காயிலைத்தான் போடும். ஒரு குதிரைசக்தி மோட்டாரின் கரன்டை அந்தச் சின்ன ரிலே தாங்காது. மூன்றாம் வரியில் இருக்கும் டிஸ்டன்ஸ்தான் முழு வேலையும். டேங்க் மூடியில் குப்புறப் பொருத்திய அல்ட்ராசானிக் சென்சாருக்கு இரண்டாம் பின் வழியே ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி மூன்றாம் பின்னில் வந்து சேரும் நேரத்தை அளந்து, சென்டிமீட்டராக்கித் தருகிறது. அந்தத் தூரம் 110-ஐத் தாண்டினால் மோட்டார் ஓடும், 30-க்குக் கீழே வந்தால் நிற்கும்; இரண்டு வினாடிக்கு ஒரு முறை இதே சோதனை. சென்சார் 5 வோல்ட்டில் பேசும், பிக்கோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் எதிரொலிக் கம்பியில் 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும். இதை எந்த மொழியும் நமக்காகச் செய்து தராது.

110-ஐ மாற்ற வேண்டுமா? லேப்டாப் வேண்டும் என்றுகூட இல்லை. செல்போனில் ஓடிஜி கேபிளைச் செருகி ஏதாவது ஒரு சீரியல் டெர்மினல் ஆப்பைத் திறந்தால் பெட்டி பேசும். கன்ட்ரோல் சி அடித்தால் நிரல் நிற்கும். 'எடிட்' என்றால் நிரல் திரையில் விரியும். எண்ணை மாற்றி, சேமித்து, 'ரன்'. ஆட்டோரன் ஆப்ஷனை ஒருமுறை போட்டு வைத்தால், மின்வெட்டுக்குப் பிறகு கரன்ட் வந்ததும் தானே ஓட ஆரம்பிக்கும். மொட்டை மாடியில் நின்றுகொண்டே, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று 'பிரின்ட் டிஸ்டன்ஸ்' போட்டுக் கேட்கலாம். பதில் அந்த நொடியே வரும். எனக்கு இதுதான் ருசி. சென்சார் கோணலாக இருக்கிறதா, டேங்க்கின் பக்கச் சுவரில் பட்டுத் திரும்புகிறதா என்றெல்லாம் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கம்பைல் செய்து, ஏற்றி, காத்திருந்து பார்க்கும் முறையில் அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது.

குறை இல்லாமல் இல்லை. வேகம்தான் முதல் குறை. ஒவ்வொரு சுற்றிலும் அதே டோக்கனை மறுபடி மறுபடி படித்து, அதே மாறியின் பெயரை மறுபடி தேடி, அதே கணக்கை மறுபடி புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஏறும் வேகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் டபிள்யூஎஸ்2812 என்ற வண்ண எல்ஈடி சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோவினாடிதான் அவகாசம். 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிக்கோவுக்கு அது சுமார் 166 கடிகாரத் துடிப்பு. ஒரு பேசிக் வரியைப் படித்து அர்த்தம் பார்ப்பதற்கே அது பத்தாது. அதனால் ஃபர்ம்வேருக்குள்ளேயே சி மொழியில் அந்த வேலையை எழுதி வைத்து, வெளியே ஒரு பேசிக் கட்டளையாக நீட்டியிருக்கிறார்கள். டிஸ்டன்ஸ் விஷயமும் அப்படியே. எதிரொலி நேரத்தை அளப்பது பேசிக் இல்லை, அடியில் இருக்கும் சி. உண்மையைச் சொன்னால் இந்த போர்டுகளில் பேசிக் ஒரு மேஸ்திரி. கல் தூக்குவது வேறு ஆள். மேஸ்திரிக்குத் தெரியாத வேலை வரும்போதுதான் திண்டாட்டம்: பட்டியலில் இல்லாத ஒரு சென்சாரை, அதுவும் நேரம் துல்லியமாகப் பார்க்கும் சென்சாரைக் கொண்டுவந்தால், பின்களை நேரம் தவறாமல் இயக்கும் பிக்கோவின் பிஐஓ பகுதிக்கான குட்டிக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டு எழுத வேண்டும். அங்கே போன பிறகு 'எளிய மொழி' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பின்ன எண்களும் மெதுவே. முதல் பிக்கோவின் சிப்பில் அதற்கான தனிப் பகுதி கிடையாது, எல்லாம் மென்பொருளால் நடக்கும் பெருக்கல். 2024 ஆகஸ்ட்டில் 5 டாலருக்கு வந்த பிக்கோ 2-இல் அந்தப் பகுதி இருக்கிறது.

இன்னொரு குறையைப் பலர் சொல்வதில்லை. இந்த ஃபர்ம்வேர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ஆர்வத்தில் நிற்பவை. அவர்கள் நிறுத்தினால் புதுச் சிப்புக்கு யார் மாற்றித் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் ஏற்கெனவே என் பெட்டியில் இருப்பது அப்படியே ஓடும், அப்படியே லிஸ்ட் ஆகும்.

'இதையெல்லாம் மைக்ரோபைத்தானும் செய்கிறதே' என்று கேட்டால், ஆமாம், செய்கிறது. 2013-இல் டேமியன் ஜார்ஜ் தொடங்கிய அந்தத் திட்டத்திலும் நிரல் போர்டில் உரையாகவே இருக்கிறது. குறிக்கு எதிரே ஒரு வரி தட்டினால் பதிலும் வருகிறது. என் டேங்க் பிரச்சினையை அதுவும் தீர்த்திருக்கும். புதுசாகக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு நான் பைத்தானைத்தான் சொல்வேன்; நாளைக்கு வேலைக்கும் உதவும், சந்தேகம் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வித்தியாசம் ஒரே இடத்தில். மைக்ரோபைத்தான் எதிர்முனையில் ஒரு கம்ப்யூட்டரும் அதில் ஒரு எடிட்டரும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. பிக்கோமைட் எதையும் நினைத்துக்கொள்வதில்லை. அதன் விஜிஏ வகைக்கு மானிட்டரும் கீபோர்டும் கொடுத்தால் அதுவே ஒரு முழுக் கம்ப்யூட்டர்.

ஜப்பானில் இதைக் குழந்தைகளுக்காகவே செய்திருக்கிறார்கள். 2014-இல் வந்த இச்சிகோஜாம் போர்டை டிவியில் செருகினால் பேசிக் வரும். 'இச்சிகோ' என்றால் ஸ்ட்ராபெர்ரி. 'இச்சி', 'கோ' என்று பிரித்தால் ஒன்று, ஐந்து. வந்தபோது கிட்டின் விலை 1500 யென். ராஸ்பெர்ரிக்குப் போட்டியாக ஸ்ட்ராபெர்ரி என்ற குறும்பும் அதற்குள் இருக்கிறது. 4 கிலோபைட் ராம். நிரலுக்கு 1024 பைட்தான். 'எல்ஈடி1' என்று தட்டினால் போர்டின் விளக்கு எரியும், 'எல்ஈடி0' என்றால் அணையும். பின்னை அறிவிக்க வேண்டாம், எதையும் சேர்க்க வேண்டாம். முதல் நிமிடத்தில் குழந்தையின் கையில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வடிவமைத்த மொழி போலிருக்கிறது.

பெரிய ராஸ்பெர்ரி பையிலும் இந்த அனுபவத்துக்கு ஒரு வழி உண்டு. பிபிசி மைக்ரோவைச் செய்த ஏக்கார்ன் நிறுவனத்தின் இயங்குதளமான ரிஸ்க் ஓஎஸ் அதில் ஓடுகிறது, பிபிசி பேசிக்கும் கூடவே. பேசிக்கின் ஐம்பதாம் ஆண்டான 2014-இல், போட்டதும் நேராக பேசிக்கில் போய் நிற்கும் சுருக்கப் பதிப்பு ஒன்றும் வெளியிட்டார்கள். அதற்கு ரிஸ்க் ஓஎஸ் பிக்கோ என்று பெயர் வைத்தார்கள். ஏழு வருஷம் கழித்து பிக்கோ என்றே ஒரு போர்டு வரும் என்று அவர்களுக்கு என்ன ஜோசியமா தெரியும். இன்றுவரை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இதில் ஒரு சுற்று முழுதாகி நிற்பதையும் சொல்ல வேண்டும். ஆர்ம் சிப்பின் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தவர் அதே சோஃபி வில்சன். சிலிக்கானில் வார்ப்பதற்கு முன்னால் அது சரியாக வேலை செய்யுமா என்று பார்க்க, அதன் மாதிரியை எழுதியது பிபிசி பேசிக்கில். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது. ஆர்ம் முதலில் பேசிக்குக்குள் ஓடியது. இன்று 4 டாலர் ஆர்முக்குள் பேசிக் ஓடுகிறது.

என் பெட்டியில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. எம்எம்பேசிக்கின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நிரலுக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருந்தது, குறுஞ்செய்தி அனுப்புவது போல. போன மாதம் தம்பி மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். மோட்டார் சீக்கிரமே நின்றுவிடுகிறது, டேங்க் நிரம்புவதில்லை என்று அம்மா புலம்பியதைக் கேட்டு மாடிக்குப் போனான். பெட்டியைத் திறந்து, தன் போனைச் செருகி, 'லிஸ்ட்' அடித்துப் பார்த்திருக்கிறான். 30-ஐ 10 ஆக்கலாம் என்று கையை வைக்கப் போனவன், மேல் வரியைப் படித்துவிட்டு அப்படியே கீழே இறங்கி வந்தான்.

"பெரியப்பா, 'முப்பதுக்குக் கீழே வைக்காதே, சென்சாருக்குக் கிட்டப்பார்வை கிடையாது'ன்னு எழுதியிருக்கே, அது நீங்களா?"

நான்தான். எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு சாண் தூரத்துக்குள் வந்ததை அந்த நீர் புகாத சென்சாரால் அளக்க முடியாது. மூடியை இரண்டு அங்குலம் தூக்கி வைத்துவிட்டு, 30-ஐ 30-ஆகவே விட்டோம்.